இல்லாத ஆடுகள் எம்புவுக்குத் திரும்பிப் போன விவரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. கதோகோ அவர்களின் மேலான பார்வைக்கு, தங்கள் அக்கா வாருகூருவின் கணவனும் தபால் நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவனுமாகிய முராகே பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், தங்கள் அக்கா நலம், தங்கள் அக்காவின் முழங்கால் நலமில்லை, காப்பிச் செடிகள் ஒரு மாதிரி மஞ்சளாக நிற்கின்றன. நைரோபியில் தாங்களும், தங்கள் மனைவியும், தங்கள் அலுவலகத்தில் உள்ள கணினிகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கணினிகளைக் கடைசியில் சொன்னாலும் அவற்றின் நலம்தான் இப்போது என் கவலை. அவை அளவுக்கு மீறி நலமாக இருக்கின்றனவோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

‘தாங்கள்’ இத்துடன் போதும் மச்சான், எழுதி எழுதிக் கை வலிக்கிறது. இந்தக் காலத்தில் ஏன் காகிதத்தில் எழுதி, அதை மட்டாட்டு வேன் ஓட்டுநர் கையில் கொடுத்து அனுப்புகிறார் இந்த மனிதர் என்று நீ கேட்பாய். போன் கேட்டுக்கொண்டிருக்கிறது, அதனால்தான். என் போனை மாவு டப்பாவுக்குள் வைத்து மூடி, மேலே அம்மிக்கல் மாதிரி ஒரு கல்லையும் வைத்திருக்கிறேன். அப்படியும் உள்ளேயிருந்து ஒரு முனகல் வருகிறது. நம் வீட்டில் இப்போது யாரும் ‘ஆடு’ என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்வதில்லை; உன் அக்கா ‘கொம்புக்காரங்க’ என்கிறாள், அதையும் சமையலறைக்கு வெளியே வந்துதான் சொல்கிறாள். காகிதத்துக்குக் காது கிடையாது என்பதால் இங்கே தைரியமாக ஆடு என்றே எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் அலுவலக அடுப்பில் வேண்டாம், வீட்டு அடுப்பில்.

என் மகள் முகூரேயின் பரிசப் பேச்சு நடந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் தாமதமாக வந்து, கடையில் வாங்கிய கறியில் விலா எலும்புப் பக்கத்தை முழுவதும் தின்றாயே, அந்த நாள். மாப்பிள்ளை இரேரியின் சித்தப்பா கிவுதி, அந்த எம்பு ஊர்ப் பஸ் கம்பெனிக்காரர், சொந்தக்காரரிடம் பேசினாலும் பஸ் ஸ்டாண்டில் கூவுவது போலப் பேசுவாரே, அவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி, “சம்பந்தி, ஆட்டையெல்லாம் நாங்க கால்நடையாத்தான் ஓட்டிக்கிட்டு வந்தோம். வழியில மழை. ஆத்துல தண்ணி வேற. ஆடுங்க நனைஞ்சா உங்க பொண்ணுக்கு மரியாதையா? அதான் எல்லாத்தையும் போன்ல ஏத்தி விட்டுட்டோம், இப்ப வந்து இறங்கும் பாருங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெண்ணைப் பெற்றவன் வாசலில் வந்து பணம் என்ற வார்த்தையைச் சொல்ல எவனுக்கும் துணிச்சல் வராது, வரவும் கூடாது. நம்மிடம் பரிசம் என்றால் ஆடு, அது எந்த உருவத்தில் வந்தாலும் ஆடு. வழக்கமாக நடந்து வரவேண்டிய அந்த முதல் இரண்டு குட்டிகளைக்கூட போனிலேயே அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாக்கள், அத்தைகள், பால் சொசைட்டி சிநேகிதர்கள் என்று ஆளாளுக்கு அவரவர் இடத்தில் உட்கார்ந்தபடியே அழுத்தினார்கள். இப்போதெல்லாம் போனில் பணம் அனுப்பும்போது ‘எதற்காக’ என்று ஒரு வார்த்தை கேட்கிறதாமே, அதில் அத்தனை பேரும் யோசிக்காமல் ‘ஆடு’ என்று எழுதினார்கள். வேறென்ன எழுதுவார்கள்? என் பையில் போன் துள்ளிக்கொண்டே இருந்தது. எத்தனை முறை என்று கேட்காதே, நம் ஆட்கள் ஆட்டையும் பிள்ளையையும் எண்ணுவதில்லை, எண்ணினால் அதற்கு ஆகாது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நீ புள்ளிவிவர அலுவலகத்தில் நாட்டில் உள்ளதையெல்லாம் எண்ணும் வேலைக்குப் போனபோதே என் மாமனார் முகம் ஒரு மாதிரி ஆயிற்று, அன்றைக்கு நான் உன் பக்கம் பேசினேன், இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

முதலில் வந்தது உரச் செய்தி. சலுகை விலை உரத்துக்கு நான் பதிந்து வைத்த அதே போன் எண்தானே, அதற்கு ஒரு நாள் ‘அன்புள்ள வியாபாரி’ என்று ஆரம்பித்து ஒரு செய்தி. நான் இனி விவசாயி இல்லையாம், கால்நடை வியாபாரியாம், ஆகவே உரம் கிடையாதாம். என் வாழ்நாளில் தபால்தலை தவிர வேறெதையும் விற்காதவன் நான், அதையும் அரசாங்கத்துக்காக விற்றேன். சரி, தவறான முகவரிக்கு வந்த தபால் என்று விட்டுவிட்டேன். அடுத்து ஒரு பெண் குரல், ஆடுகளுக்குக் காப்பீடு எடுத்துவிட்டீர்களா என்று தேனாகக் கேட்டது. அதற்கடுத்து தீவனக் கம்பெனி. அதற்கடுத்து நைரோபியிலிருந்து ஒரு கசாப்புக் கடைக்காரர், “பெரியவரே, கொழுத்ததா இருக்கிறதை எனக்கு ஒதுக்கி வைங்க, வேற யாருக்கும் வாக்குக் குடுத்துடாதீங்க” என்று கெஞ்சினார். என்னிடம் ஆடே இல்லை என்றேன். “எல்லா வியாபாரியும் முதல்ல இதையேதான் சொல்றாங்க” என்று சிரித்தார். அவர் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் என் வீட்டில் ஆடு இருக்கிறதா என்று அன்றைக்குக் காப்பித் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன், உன் அக்காவிடம் சொல்லிவிடாதே.

பிறகு ஒரு மதியம் மோட்டார் சைக்கிளில், பின்னால் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு, கால்நடை அலுவலகத்திலிருந்து செபெட் என்ற பெண் வந்து இறங்கினாள். மரியாதையான பெண்தான், அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

“ஐயா, ஆடெல்லாம் எங்க? ஊசி போடணும்.”

“எந்த ஆடு?”

“வித்ததுபோக மிச்சம் இருக்கிறது.”

“நான் எதையும் விக்கலையே.”

“விக்காமலா இவ்வளவு பேர் ஆட்டுக்குப் பணம் போட்டிருக்காங்க? எத்தனை வச்சிருந்தீங்க?”

“எங்க வழக்கத்துல எண்ண மாட்டோம்மா.”

“எண்ணாமலே வித்துட்டீங்களா?” என்று அவள் கையிலிருந்த கண்ணாடிப் பலகைக் கணினியில் ஏதோ எழுதிக்கொண்டாள். உன் அக்கா தேநீரும் அவித்த வள்ளிக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். அவள் யாரைக் கண்டாலும் கிழங்கு வைப்பாள், உளவாளிக்கும் வைப்பாள். கிழங்கைத் தின்றுகொண்டே செபெட் எனக்கு விளக்கினாள். முன்பெல்லாம் உரக் கணினி தனி, பணக் கணினி தனி, ஆட்டு டாக்டர் கணினி தனி, சந்தை விலைக் கணினி தனி, வரிக் கணினி தனியாம். இப்போது எல்லாவற்றையும் இணைத்துவிட்டார்களாம். ஒன்றுக்குத் தெரிந்தது எல்லாவற்றுக்கும் தெரியுமாம். அதனால்தான் நாடு முன்னேறுகிறதாம். எல்லாம் இப்போது ஒரே குடும்பம் ஐயா என்றாள். எந்தப் பரிசமும் கொடுக்காமல் இந்தக் கணினிகளெல்லாம் எப்படிச் சம்பந்திகள் ஆயின என்று கேட்டேன். மழை கருத்துக்கொண்டு வந்தது, அவளும் கிளம்பவேண்டும், எனக்கும் அவள் கிளம்பவேண்டும். “நான் வந்துட்டுப் போனதுக்கு அடையாளமா ஒரு விரல் வைங்க, போதும்” என்றாள். கதோகோ, நான் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் அது கையெழுத்து இல்லை, விரல். வைத்தேன். பலகை ஒரு சின்ன மணி அடித்தது. அந்த மணி எனக்கு இன்னும் கேட்கிறது.

அதற்குப் பிறகு வானொலியில் வந்ததை நீயே கேட்டிருப்பாய், கேட்டிருப்பாய் என்ன, எழுதிக் கொடுத்ததே உன் அலுவலகம்தானோ என்று எனக்கொரு எண்ணம். நம் பக்கத்திலிருந்து எம்புப் பக்கத்துக்கு ஆட்டு வியாபாரம் ஒரே நாளில் பொங்கிவிட்டதாம், மலையோரக் கால்நடைத் தொழில் தலைநிமிர்ந்துவிட்டதாம், அதைச் சேர்த்துப் பார்த்தால் நாட்டின் பொருளாதாரமே ஒரு மயிரிழை வளர்ந்திருக்கிறதாம். யாரோ ஒரு பேராசிரியர் வந்து அந்த வளர்ச்சிக்குக் காரணம் மழை என்றார், இன்னொருவர் வந்து சாலை என்றார். அந்த மயிரிழை முகூரேயின் பரிசம் என்பது எனக்கும் உன் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வானொலியை அணைத்தோம்.

இதுவரை நடந்ததைச் சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் மறுநாள் சந்தையிலிருந்து பக்கத்து வீட்டு மும்பி வந்தாள். மும்பியை உனக்குத் தெரியும், புருஷன் போன பிறகு நிஜமாகவே ஆடு வளர்த்துப் பிள்ளையைக் கல்லூரியில் படிக்கவைப்பவள். அவள் ஓட்டிக்கொண்டு போன ஆட்டை அப்படியே திரும்ப ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் கட்டினாள். சந்தையில் வியாபாரிகள் எல்லாரும் போனை எடுத்துக் காட்டி, முராகே அனுப்பிய ஆடு எம்புப் பக்கம் கொட்டிக் கிடக்கிறது, இந்த விலைக்கு மேல் ஒரு ஷில்லிங் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். “முராகே, நீ என்ன பண்ணி வச்சிருக்கே? இல்லாத உன் ஆடு இருக்கிற என் ஆட்டை மேஞ்சிட்டுப் போயிருக்கு!” என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, என் மகளுக்கு முறைப்படி பரிசம் வாங்கினேன், அதனால் இந்தப் பெண்ணின் பிள்ளைக்குப் படிப்புக்கான பணம் எப்படிக் குறையும்? நீ படித்தவன், உன் பதிலில் இதை மட்டுமாவது விளக்கு.

அவள் கத்தி முடிப்பதற்குள் எம்பு மட்டாட்டு வந்து நின்றது. மட்டாட்டுவின் கூரையில் ஒரு மெத்தை, ஒரு பெட்டி, ஒரு ரொட்டி சுடும் தட்டு. அந்தப் பெட்டி எனக்குத் தெரிந்த பெட்டி. முகூரே மாப்பிள்ளையோடு எம்பு டவுனில் ரொட்டிக் கடை வைக்கப் போனபோது நான் வாங்கிக் கொடுத்த பெட்டி. கிவுதியும் அவர் கூட்டமும் இறங்கி வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள், கை குலுக்கவில்லை. மாப்பிள்ளை இரேரி எல்லாருக்கும் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், சட்டையெல்லாம் மாவு. முகூரே மட்டும் கீழே இறங்காமல் ஜன்னல் வழியாக எல்லாரையும் ஒரேயடியாக முறைத்துக்கொண்டிருந்தாள்.

“சம்பந்தி, எங்க மேல என்ன குறை கண்டீங்க?” என்றார் கிவுதி. பஸ் ஸ்டாண்ட் குரல் இல்லை, தாழ்ந்த குரல்.

“குறையா? என்ன குறை?”

“அப்புறம் ஏன் ஆட்டைத் திருப்பி அனுப்புனீங்க?”

அவர் போனை நீட்டினார். எல்லாரும் அவரவர் போனை நீட்டினார்கள். எல்லாவற்றிலும் ஒரே செய்தி: ‘முராகே அவர்களிடமிருந்து ஆடு தங்களுக்கு வந்து சேர்ந்தது உறுதி செய்யப்பட்டது. நலமாக வளர்க்கவும்.’ அந்தச் சின்ன மணி எதற்காக அடித்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கணினிக்கென்ன தெரியும், ஆடு என்று எழுதி என்னிடம் பணம் வந்தால் நான் ஆடு விற்றவன், அவர்கள் வாங்கியவர்கள், ஆகவே ஆடு என் பக்கத்திலிருந்து அவர்கள் பக்கம் போகவேண்டும். ஆனால் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஆடு போனால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தானே மச்சான். கல்யாணத்தை முறித்துவிட்டேன் என்று அர்த்தம். என் விரலாலேயே, அவித்த கிழங்கு சாப்பிட்டுக்கொண்டே, என் மகளின் வாழ்க்கையை முறித்து வைத்திருக்கிறேன். உன் அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கிவுதி நம்பவில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். கடைசியில் முகூரே இறங்கி வந்து, செபெட் தன் எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்த காகிதத்தைப் பார்த்து அவளுக்குப் போன் போட்டு எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். செபெட் சங்கடப்பட்டாள். “ஆடுன்னா கல்யாணமா? எங்க பக்கம் மாடுதான் ஐயா, ஆட்டையெல்லாம் சேர்க்கவே மாட்டோம்” என்றாள். கிவுதிக்கு அது வேறு கோபம். அழிக்க ஒரே வழிதானாம்: வந்ததையெல்லாம் அனுப்பியவர்களுக்கே நான் திருப்பி அனுப்பவேண்டும், அவர்கள் ஆடு இல்லாத வேறொரு வார்த்தையைப் போட்டு மறுபடி எனக்கு அனுப்பவேண்டும். அப்போது எல்லாக் கணினிகளும் பேசிவைத்துக்கொண்டு பழையதை மறந்துவிடுமாம்.

திருப்பி அனுப்ப என்னிடம் எல்லாம் அப்படியே இருந்தது, ஏனென்றால் எனக்கு வரும் எதையும் நான் உடனே நம்பிச் செலவழிப்பதில்லை. கூரைத் தகரம் வாங்கவில்லை என்று இத்தனை நாளாகத் திட்டிய உன் அக்கா அன்றைக்குத்தான் வாயை மூடினாள். ஆனால் கிவுதி ஒரு கேள்வி கேட்டார். “நீங்க அனுப்பி நாங்க திரும்ப அனுப்புறதுக்கு நடுவுல, இந்தப் பொண்ணு யாரு?” “அரை நிமிஷம்தானே சித்தப்பா” என்றார் மாப்பிள்ளை. “அரை நிமிஷமோ அரை வருஷமோ, அதுக்குள்ள இவ எங்க வீட்டுப் பொண்ணா, அவங்க வீட்டுப் பொண்ணா?” முற்றத்துக்குள் வந்து நின்று அரை மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில், வேகமாக அனுப்பிவிட்டால் கடவுள் கவனிக்கமாட்டார் என்று முடிவாயிற்று. நான் மாவு டப்பாவிலிருந்து போனை எடுத்துத் துடைத்து, ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். ஒவ்வொரு பையிலும் போன் பாடியது. கடைசி ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்ததும் மலைப்பக்கம் ஒரு இடி. அத்துடன் சிக்னல் போய்விட்டது.

நினைத்துப் பார். பரிசம் முழுவதும் அவர்கள் பையில். மகள் என் வாசலில். மெத்தை மழையில். நான் வெளியில் சிரித்துக்கொண்டே உன் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். முழங்கால் வலியோடு அவள் எழுந்து போய் வெளிக் கதவுக்குப் பூட்டுப் போட்டாள். கிவுதி அதைப் பார்த்துவிட்டார்.

“சம்பந்தி, என்னையா சந்தேகப்படுறீங்க?”

“உங்களை இல்லை சம்பந்தி, சிக்னலை.”

“சிக்னல் வாசல் வழியாவா ஓடும்?”

“நான் தபால் ஆபீஸ்காரன். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்காம யாரையும் அனுப்பினது கிடையாது, நீங்க உள்ள வந்து உக்காருங்க.”

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். எல்லாரும் உட்கார்ந்தோம், எல்லாரும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம். முகூரே மட்டும் கூரைச் சரிவுக்குக் கீழே, வண்டியிலிருந்து இறக்கிய அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவளிடம் போனார்.

“முகூரே, சாரல் அடிக்குது, உள்ள வா.”

“யாருங்க நீங்க?”

“விளையாடாதே.”

“நான் கல்யாணம் ஆகாத பொண்ணு. முன்னபின்ன தெரியாத ஆம்பளைங்ககிட்ட பேசறதில்லை. எங்கப்பா வேற பாத்துக்கிட்டு இருக்கார்.”

பெரியவர்கள் சிலர் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. முகூரே கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டுச் சொன்னாள், “பரிசப் பேச்சு அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்பா என்னைக் கேட்டார், ‘இந்த ஆட்டை நாங்க சாப்பிடலாமா’ன்னு. நான் சாப்பிடலாம்னேன். அது ஆட்டைப் பத்தின கேள்வி. என்னைப் பத்தி யாராவது கேட்டீங்களா? சரி, அது போகட்டும். முந்தாநாள் உங்க சித்தப்பா போனைத் தூக்கிக்கிட்டு வந்து என் பெட்டியைக் கட்டுனாரே, அப்ப நீங்க எங்க நின்னீங்க?”

“மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன்.”

“பெட்டியைக் கட்டி முடிக்கிற வரைக்குமா பிசைஞ்சீங்க?”

அந்தப் பையன் பேசவே தெரியாதவன் என்று நான் நினைத்திருந்தேன். உன்னிடமும் சொல்லியிருக்கிறேன், அவன் அமைதி எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று. அவன் ஈர மண்ணில், அத்தனை பேர் பார்க்க, அந்தப் பெட்டிக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தான். “பயந்துட்டேன் முகூரே. நீதான் உங்கப்பாகிட்ட சொல்லித் திருப்பி அனுப்பச் சொல்லிட்டியோன்னு நினைச்சேன். உன்னைக் கேட்டா, ஆமான்னு சொல்லிடுவியோன்னு கேக்கலை. மெசேஜை நம்பிட்டேன். உன்னைக் கேட்டிருக்கணும்” என்றான். பிறகு, “இப்பக் கேக்குறேன். என்கூட வர்றியா?” என்றான்.

என் மகள் அல்லவா, கரும்பை முழுவதும் கடித்து முடித்தாள். “ஆடு எதுவும் இன்னும் வரலையே” என்றாள். “வரலை” என்றான். “பரிசம் இல்லாமலா வரச் சொல்றீங்க?” “ஆமா” என்றான். அவள் எழுந்து பெட்டியை அவன் கையில் கொடுத்து, “அப்ப இதை வண்டியில ஏத்துங்க” என்றாள். மச்சான், நான் அழுதேன். தபால் நிலையத்தில் எத்தனையோ பேருக்குத் தந்தி படித்துச் சொல்லியிருக்கிறேன், ஒருநாளும் அழுததில்லை. கிவுதி என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சளி என்றார்.

ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே, முறிந்து சேர்ந்ததற்கு எல்லாரும் ஒரே ஆட்டைச் சேர்ந்து தின்றாகவேண்டும். ஆடு எங்கே? என் வாசலிலேயே கட்டியிருந்தது, மும்பியின் ஆடு. அதை இந்த வானொலி விலைக்கு இல்லை, பழைய விலைக்கு, கிவுதி தன் சட்டைப் பையிலிருந்து நிஜப் பணத்தை எடுத்து அவள் கையிலேயே கொடுத்து வாங்கினார். இந்த மொத்தக் கதையிலும் நான்கு காலும் கத்தும் வாயும் இருந்த ஒரே ஆடு அதுதான், அதை மட்டும்தான் எந்தக் கணினியும் பார்க்கவில்லை. உன் அலுவலகக் கணக்கில் அது என்றைக்கும் வராது. மும்பியும் எங்களோடு உட்கார்ந்து தோள்கறி சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சிக்னல் வந்து எல்லார் பையிலும் போன் ஒரே நேரத்தில் பாடியது. எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அனுப்பினார்கள். என்ன வார்த்தை போடுவது என்று ஒரு சின்னத் தகராறு. ‘அன்பளிப்பு’ என்றால் வரிக்காரர் வருவார் என்றார் ஒருவர். ‘உதவி’ என்றால் நான் பிச்சைக்காரன் ஆகிவிடுவேன் என்றேன் நான். பரிசத்தில் ஆட்டுக்கு அடுத்தது தேனில் புளிக்கவைத்த கள்தானே, ஆகவே எல்லாரும் ‘தேன்’ என்று போட்டுவிட்டார்கள். தேனில் யாருக்கும் சந்தேகம் வராது என்றார் கிவுதி.

ஆகவே கதோகோ, அக்கா புருஷன் என்ற முறையில் உன்னிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். என்னிடம் ஆடு இல்லை, இருந்ததில்லை, என்பதை உன் அலுவலகத்தில் உரியவரிடம் எடுத்துச் சொல். நாடு வளர்ந்ததாகச் சொன்ன அந்த மயிரிழையைத் திரும்ப வெட்டிவிடச் சொல். அதனால் நாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொள். சந்தைக் கணினிக்குச் சொல்லி மும்பியின் மிச்ச ஆடுகளுக்கு விலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல். என்னைப் பழையபடி விவசாயி ஆக்கு, செடிகள் பசியோடு நிற்கின்றன. அந்த ஆட்டுக் கணக்கைக் காட்டித்தான் உனக்குப் பதவி உயர்வு வந்தது என்று உன் மனைவி உன் அக்காவிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது. அது பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பதிலைக் காகிதத்தில் எழுது, உறையை நாக்கால் ஒட்டாதே, பசையால் ஒட்டு, யாராவது ஆவியில் காட்டிப் பிரித்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன் வீட்டுக்கு மேல் மலை மேகமில்லாமல் தெரியட்டும். உன் பிள்ளைகள் எண்ண முடியாத அளவுக்குப் பெருகட்டும், நீயும் அவர்களை எண்ணாமல் இரு. உன் அக்கா உனக்குக் கொஞ்சம் வள்ளிக்கிழங்கு கொடுத்தனுப்புகிறாள், ஓட்டுநர் வழியில் தின்றிருந்தால் எனக்குத் தெரிவி.

இப்படிக்கு, யாருக்கும் எதையும் விற்காத,
முராகே

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் ஒரு வண்டி. செபெட்டின் அலுவலகத்திலிருந்து வேறொருவர், தலையில் வலை போட்ட தொப்பி. இந்த மலையோரத்திலேயே அதிகம் தேன் விற்றவன் நான்தானாம், பாராட்டுப் பத்திரமும் அதோடு புத்தம் புதிய தேனீப் பெட்டிகளும் இலவசமாகத் தருகிறார்களாம். என் தேனீக்கள் எங்கே என்று கேட்டார். மேயப் போயிருக்கின்றன, சாயங்காலம் வரும் என்று சொல்லியிருக்கிறேன். வந்ததற்கு அடையாளமாக ஒரு விரல் வைக்கச் சொன்னார், வைத்தேன், மணி அடித்தது. பூ வைக்கும் காலத்தில் காப்பிக்குத் தேனீ நல்லது, மும்பிக்கும் இரண்டு பெட்டி கேட்டிருக்கிறேன். ஆகவே மேலே நான் எழுதிய எதையும் யாரிடமும் சொல்லாதே, பெட்டிகள் இறங்கும்வரை எந்தக் கணக்கையும் அழிக்காதே, பதவி உயர்வை வைத்துக்கொள். போனை மாவு டப்பாவிலிருந்து எடுத்துவிட்டேன், பதிலை அதிலேயே அனுப்பு. எடுத்ததும் முதலில் வந்தது முகூரேயின் செய்தி: “அப்பா, இங்க எல்லாருக்கும் தேன் திரும்பி வந்துட்டதா மெசேஜ் வந்திருக்கு. சித்தப்பா மறுபடி என் பெட்டியைக் கட்டத் தேடிக்கிட்டு வந்தார். இரேரி அவரை வாசல்லயே நிறுத்திட்டு, முதல்ல என்னைக் கேட்டார்.”